இரும்புக்கு விரித்த படுக்கை

கெங்கேஷ் தான் வேலை பார்க்கும் வண்டி டிப்போவிலிருந்து ஓர் இழுப்பறையைக் கழற்றிக் கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கு ஏரியைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது உலான் காற்று. ஏரிக்கரை ஊரான பாலிக்சியில் காற்றடிக்காத நாளென்று ஒன்று கிடையாது. ஆனால் மேற்கிலிருந்து கணவாய் வழியாக உலான் வந்துவிட்டால், கையில் தகரம் எதுவும் இல்லாமல் நடப்பதுதான் புத்தி. அவரோ இவ்வளவு பெரிய தகர இழுப்பறையைத் தூக்கிக்கொண்டு, ரயில் தண்டவாளத்தை ஒட்டியே நடந்து வந்திருக்கிறார். வாசலில் காலணியைக் கழற்றுவதற்குள் மனைவி ஜூராவுக்குப் பத்துக் கேள்வி வந்துவிட்டது.

"என்னங்க இது, வேலைய விட்டு நிறுத்திட்டாங்களா?"

"நிறுத்தினா டிராயரையா குடுத்தனுப்புவாங்க? சாயா ஊத்து."

அவர் அதைத் தரையில் வைத்தார். புது இழுப்பறை. சிவப்புச் சாயம், உள்ளே வெறும் தகரம். புது முதலாளி வந்ததிலிருந்து டிப்போவில் ஆளுக்கொரு டூல் பாக்ஸ், சக்கரம் வைத்தது, நாலு இழுப்பறை. சாமானெல்லாம் முதலாளியுடையது. ஒன்று தொலைந்தாலும் ஒன்று கெட்டாலும் அந்த ஆளின் சம்பளத்தில் பிடிப்பது அவருடைய சட்டம். முன்பெல்லாம் கெங்கேஷின் சாமான் ஒரு சாக்குப் பைக்குள் கிடக்கும். அவருடைய சொந்தச் சாமான். எந்த ஸ்பேனரில் எங்கே அடிபட்டிருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். புதுசு எல்லாம் ஒரே வழவழப்பு.

"உன் கரண்டி, கத்தியெல்லாம் இதுல போடு" என்றார்.

போட்டாள். அவர் இழுப்பறையை வேகமாக முன்னால் இழுத்தார். எல்லாம் கலகலவென்று ஒரு மூலைக்கு வந்து விழுந்தன. பின்னால் தள்ளினார். எல்லாம் எதிர் மூலைக்கு ஓடின.

"பாத்தியா? பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர ஒரு இடத்துல வச்சுட்டு டிராயர மூடுறேன். தெறந்தா அது வேற எங்கயோ கெடக்குது. தடவித் தடவித் தேடுறேன். இன்னைக்கு மேஸ்திரி கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"'என்னடா கெங்கேஷ், மாவு பெசையிறியா'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

ஜூரா சாயாவில் பாலை ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

கெங்கேஷுக்குப் பார்வையின் நடுவில் ஒரு புகை இருந்தது. எதைப் பார்க்கிறாரோ அது தெரியாது; அதைச் சுற்றி இருப்பது தெரியும். தெருவில் யாரையும் இடிக்காமல் நடப்பார், கல்லைத் தாண்டுவார், தூரத்து மலையைக் காட்டிப் பனி இறங்கிவிட்டது என்பார். ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். தெரியாதவர்கள் திமிர் பிடித்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டார்கள். குதிரையை விற்ற பணத்தில் தலைநகர் பிஷ்கேக் போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார் அவர். நர்ஸ் படிப்புப் படிக்கும் மகள் மேரிமுக்குக்கூட இதைச் சொல்லவில்லை. சொன்னால் படிப்பை விட்டுவிட்டு வந்து நிற்பாள்.

"வண்டி ஓட்டுறது?" என்று அப்போதே ஒரு தரம் கேட்டிருந்தாள் ஜூரா.

"ஓட்டுறதுக்கு வேற ஆளு இருக்கு. நான் அடியில கெடந்து முடுக்குறவன்" என்றிருந்தார்.

"இதுக்கு அடியில ஏதாவது விரிக்கணும்" என்றார் இப்போது. "வச்சது வச்ச எடத்துல கெடக்கணும். கொஞ்சம் சீக்கிரம் பாரு."

மறுநாள் சந்தைக்குப் போனாள். ரப்பர், தார்ப்பாய், குழாய் விற்கிற இஸ்மர் என்ற துங்கான் இனத்துக்காரரின் கடை சந்தைக் கோடியில் இருந்தது. காற்றில் பறக்காமல் இருக்க எல்லாவற்றின் மேலும் செங்கல் வைத்திருந்தார்.

"வாங்க அக்கா. எதுக்கு வேணும்?"

"டிராயருக்கு விரிக்க."

"சமையக்கட்டு டிராயரா? இந்தாங்க, செர்ரிப்பழம் போட்ட ஷீட்டு. பாத்தாலே பசிக்கும்."

"ஸ்பேனர் வைக்கிற டிராயரு."

இஸ்மர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஸ்பேனருக்குப் படுக்கையா? எங்கப்பாவே வெறும் பலகையிலதான் படுத்தாரு."

"உங்கப்பா உருண்டு ஓடமாட்டாரு. இது ஓடுது."

அவர் சிரித்துக்கொண்டே ஒரு கறுப்புச் சுருளை எடுத்துப்போட்டார். வரிவரியான ரப்பர், இதற்கென்றே வருவது. ஜூரா விரலால் அழுத்திப் பார்த்தாள். நல்ல சரக்கு. வழுக்காது, எண்ணெய் குடிக்காது. விலையைக் கேட்டாள். ஓர் இழுப்பறைக்கு மட்டும் ஒரு மூட்டை மாவின் விலை வந்தது. சுருளை மெல்ல அவர் பக்கமே தள்ளினாள்.

பிறகு தரைப் பலகைக்கு அடியில் போடுகிற வெள்ளை நுரைத் தாளைக் கிள்ளிப் பார்த்தாள். நகம் பட்டதுமே கிழிந்தது. கம்பளத் துண்டு ஒன்றை நுனியில் பிரித்துப் பார்த்தாள். இதில் இரும்புத்தூள் ஏறினால் போகவே போகாது. செர்ரிப்பழ ஷீட்டை இரண்டு விரலால் தேய்த்தாள். வழுக்கியது.

"அக்கா, நீங்க வாங்க வந்தீங்களா, கிள்ள வந்தீங்களா?"

"கிள்ளிப் பாத்துதான் வாங்கணும்."

"நல்லவேளை, நான் பொண்ணு தேடல. உங்ககிட்ட காட்டினா கன்னத்துல ஒண்ணும் மிச்சம் இருக்காது."

"உங்களுக்குப் பொண்ணு குடுக்கிறவன் முதல்ல உங்களத்தான் கிள்ளிப் பாப்பான்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள்.

கொட்டகையில் சுவரோரம் முன்பு சேணம் கிடந்த மூலைக்குப் போனபோதுதான் அது கண்ணில் பட்டது. சேணமும் குதிரையோடு போய்விட்டது. சேணத்துக்கு அடியில் போடுகிற கீயிஸ் விரிப்புகள் மட்டும் ஆணியில் தொங்கின. ஆட்டுமயிரை வெந்நீர் ஊற்றி உருட்டி மிதித்துச் செய்கிற அந்தக் கீயிஸில்தான் ஊரே படுக்கிறது, உட்காருகிறது, செத்தவர்களைக் கிடத்துகிறது. அதிலும் சேண விரிப்பு என்றால் தனி. வருஷக்கணக்காகக் குதிரையின் முதுகுக்கும் சேணத்துக்கும் நடுவில் நசுங்கி நசுங்கித் தோல் மாதிரி இறுகியிருக்கும். மயிர் உதிராது, நூல் பிரியாது. ஜூரா நகத்தால் அழுத்தினாள். உள்வாங்கி, மெல்லத் திரும்பி வந்தது. இதை விட்டுவிட்டு இஸ்மரிடம் எதற்குப் போனோம் என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

சேண விரிப்பை யாரும் துவைப்பதில்லை. துவைத்தால் ஊறிக் கெட்டுவிடும். கத்தி முதுகால் சுரண்டி, வெயிலில் போட்டு, தடியால் அடித்துத் தட்டுவதுதான் வழக்கம். அவளும் அப்படியே செய்தாள். வேலியில் போட்டிருந்தபோது பக்கத்து வீட்டு வெள்ளாடு வந்து அதை நக்கிக்கொண்டு நின்றது. விரட்டினாள். திரும்பி வந்து நக்கியது.

ஜூராவின் கைக்கு ஷிர்தாக் வேலை நன்றாக வரும். ஒரு கீயிஸில் ஆட்டுக்கொம்பு வடிவத்தைக் குடைந்து எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் வேறு நிறக் கீயிஸைப் பொருத்தித் தைக்கிற விரிப்பு அது. இங்கே கொம்புக்குப் பதில் ஸ்பேனர். கெங்கேஷ் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு சாமானையும் அட்டையில் வைத்து விரலால் ஓரம் பிடித்து வரைந்துகொண்டு வந்தார். கோடு கோணல்மாணலாக இருந்தது. அவள் நேராக்கிக்கொண்டாள். அடியில் முழு விரிப்பு; அதன் மேல் குடைந்த விரிப்பு. ஒவ்வொரு பள்ளத்தின் பக்கத்திலும் விரல் நுழைய ஒரு சின்ன வெட்டு.

"இந்தக் கோடியில எட்டு. அடுத்தது பத்து. அப்புறம் பன்னெண்டு" என்று அவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினாள்.

அவர் ஒரு தரம் தடவினார். மறு தரம் தடவவில்லை.

பனிக்காலம் முழுக்க வீட்டில் ஒரு நிம்மதி இருந்தது. டிப்போவில் முதலில் கேலி செய்தார்களாம், குதிரை வாடை அடிக்கிறது என்று. சாதீர் என்கிற அந்த மேஸ்திரி, கெங்கேஷ் பெட்டிக்குக் கொள்ளு வைத்தானா என்று கேட்டாராம். அப்புறம் கேலி ஓய்ந்துவிட்டது. கெங்கேஷ் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டிப் பதினேழை எடுப்பதைப் பார்த்து, பக்கத்துக் குழியில் வண்டிக்கு அடியில் வேலை செய்பவன் தன் வீட்டிலும் சேண விரிப்பு கிடக்கிறதா என்று தேடினானாம். இதையெல்லாம் அவர் இரவுச் சாப்பாட்டில் சொல்லச் சொல்ல, ஜூரா குனிந்து ரொட்டியை அடுக்கிக்கொண்டே சிரித்துக்கொண்டாள்.

பிறகு பனி உருகியது. டிப்போவுக்குள் வருகிற வண்டிகளெல்லாம் மேலெல்லாம் உருகுபனியோடு வந்து தண்ணீர் சொட்ட நின்றன. கூரை சொட்டியது. தரை காயவே இல்லை.

ஒரு சனிக்கிழமை மாலை ஜூரா பொரித்த மீனைத் தட்டில் வைத்தாள். கெங்கேஷ் வழக்கம்போல் ரொட்டியைக் கையில் எடுத்துப் பிய்த்தார். முதல் துண்டை அவள் பக்கம் நீட்டினார். ரொட்டியின் வெள்ளையில் செம்மண் நிறத்தில் ஒரு விரல் அடையாளம் இருந்தது. பக்கத்தில் இன்னொன்று.

"கையக் கழுவினீங்களா?"

"கழுவினேனே. சோப்புப் போட்டுத்தான."

"காட்டுங்க."

விரல் நுனியெல்லாம் ரேகைக்குள் செம்மை ஏறியிருந்தது. சோப்புக்குப் போகாத நிறம்.

"கிரீஸா இருக்கும்" என்றார்.

"கிரீஸ் கறுப்பு."

அவர் விரலை மூக்கருகில் கொண்டுபோனார். முகம் மாறியது. "கொஞ்ச நாளாவே சாமானத் தொட்டா சொரசொரன்னு இருந்துச்சு. மணலுன்னு நெனச்சேன். காத்துல மணல் வருதுல்ல."

"எத்தன நாளா?"

அவர் விரலைச் சட்டையில் தேய்த்தார்.

"துருங்க இது."

மீன் ஆறிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியை உலான் தட்டிக்கொண்டேயிருந்தது. ஜூரா அந்த ரொட்டித் துண்டைக் கீழே வைக்கவும் முடியாமல் தின்னவும் முடியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"வேற யாரும் பாக்கலயா?"

"என் பெட்டிய நானே பூட்டித் தெறக்கிறேன். யாரையும் கிட்ட விடுறதில்ல. திங்கக்கெழம முதலாளி வர்றாரு. ஒவ்வொரு பெட்டியா தெறந்து பாப்பாருன்னு மேஸ்திரி சொன்னாரு."

"துருப்பிடிச்சா என்ன, திட்டுவாங்க. சம்பளத்துல பிடிப்பாங்க. அவ்வளவுதானே?"

"துருவுக்குத் திட்டுவாங்க, சரி." அவர் குரலைத் தாழ்த்தினார், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும். "தினமும் கையில எடுக்கிறவன் இதப் பாக்கலயான்னு கேப்பாங்கல்ல. அதுக்கு என்ன சொல்றது?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்ணெண்ணெய், உப்புத்தாள், பழைய துணி, தன் கீயிஸ் வெட்டும் கத்தி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஜூரா அவரோடு டிப்போவுக்குப் போனாள். காவல்காரன் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே என்ன வேலை என்றுகூடக் கேட்காமல் தன் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டான்.

முதல் இழுப்பறையை ஜூரா இழுத்தாள். பளபளப்பான பக்கம் மேலே இருந்தது. எடுத்துத் திருப்பினால், விரிப்பில் படிந்திருந்த பக்கமெல்லாம் செந்நிறப் பொருக்கு. சில ஸ்பேனர்களில் எண்ணே மறைந்துவிட்டது. பள்ளத்துக்குள் கீயிஸும் அதே நிறத்தில் ஊறி, ஒவ்வொரு சாமானின் உருவமும் அச்சுக் குத்தினது போல் பதிந்திருந்தது. அவள் அழகாக வெட்டிய வெட்டுக்கள்தான்.

"ரொம்பவா?" என்றார் அவர்.

அவள் விரிப்பைத் தொட்டாள். ஈரம். கூரை இதன் மேல் சொட்டவில்லை, இழுப்பறை மூடித்தான் இருந்தது, பிறகு ஏன் ஈரம்? அவளுக்கு அந்த வெள்ளாடு ஞாபகம் வந்தது. விரட்ட விரட்டத் திரும்பி வந்து நக்கிய வெள்ளாடு. விரிப்பின் ஓரத்தை எடுத்து நாக்கில் வைத்தாள்.

"என்ன பண்ற?"

"உப்பு" என்றாள். "குதிரையோட வேர்வை. இத்தன வருஷ வேர்வையும் இதுலதான் இருக்கு. ஈரத்த இழுத்து இழுத்து இரும்புக்கு ஊட்டியிருக்கு. நான்தான்... துவைக்காம..."

கெங்கேஷ் ஒரு ஸ்பேனரின் பொருக்கைக் கட்டைவிரலால் தேய்த்தார். பிறகு, "வித்ததுக்கு அப்புறமும் ஒதைக்குது பாரு, அந்தக் கழுத" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கை வேலையைத் தொடங்கிவிட்டது. அவள் தேய்த்துக் கொடுக்க, அவர் மண்ணெண்ணெயில் துடைத்து எண்ணெய் பூசி வரிசையாக வைத்தார். தேய்த்தது போதுமா என்று விரல் நுனியால் தடவிப் பார்த்து, போதாவிட்டால் திருப்பிக் கொடுத்தார். துருப் போன இடமெல்லாம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது. எண்ணெய் பட்டதும் மறைந்தது.

விரிப்புதான் பிரச்சினை. வெறும் தகரத்தில் வைத்தால் நாளைக்கு முதலாளி கண்முன்னாலேயே தடவ வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை இஸ்மர் கடை கிடையாது. இருந்தாலும் அந்த விலைக்கு ஆகாது. ஜூரா எழுந்து டிப்போவைச் சுற்றி நடந்தாள். அட்டைப்பெட்டி, எண்ணெய் குடிக்கும். இருக்கையிலிருந்து பிய்த்த நுரை, கிழியும். பின்சுவரோரம் பெரிய வண்டிகளின் பழைய டியூப்கள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. ஒன்றை இழுத்துக் கிள்ளிப் பார்த்தாள். தடிமன், மெத்து, வழுக்கல் இல்லை. இதையும் ஒருமுறைக்கு இருமுறை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கசந்தது. உப்பு இல்லை.

"இது யாருது?"

"யாருதும் இல்ல. எரிக்கப் போட்டிருக்கு."

டியூபை நெடுக அறுத்து, உள்ளிருந்த வெள்ளைப் பொடியைத் துடைத்து, பலகையில் பரப்பி மேலே பழைய விரிப்பை வைத்தாள். ஸ்பேனர் உருவம்தான் ஏற்கெனவே இருக்கிறதே. அதன் ஓரமாகவே கத்தியை ஓட்டினாள். ரப்பர் கீயிஸைவிட முரண்டு பிடித்தது. கத்தியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து வெட்டினால் வழிக்கு வந்தது. இரண்டு இழுப்பறை முடிந்தது. மூன்றாவதும் முடியப்போகிறது. நாலாவதுக்கு அளவு எடுத்தாயிற்று. கெங்கேஷ் ஒரு பாட்டை மெதுவாக முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்.

அப்போதுதான் கதவுப் பக்கம் இருமல் கேட்டது.

சாதீர் மேஸ்திரி நாளைக்கு முதலாளி வருவதற்கு முன்னால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார். தலையில் குல்லாய், கையில் சுட்ட மீன் பொட்டலம். நடந்து வந்து தரையில் கிடந்ததையெல்லாம் பார்த்தார்.

"ஏ தாயி, ஞாயித்துக்கெழமகூட உன் புருஷன விடமாட்டியா? இங்க என்ன நடக்குது?"

"தப்பு என்னுது, அண்ணே" என்று ஜூரா முந்திக்கொண்டாள். "சேண விரிப்பத் துவைக்காம போட்டுட்டேன். உப்பு ஏறித் துருப்புடிச்சிருச்சு. எல்லாம் தேய்ச்சாச்சு. ரெண்டு மூணுதான் பாக்கி."

அவர் தேய்க்காமல் கிடந்த பதினேழை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். பொருக்கு உதிர்ந்தது.

"இது நேத்து முந்தாநேத்துத் துரு இல்லையே. கெங்கேஷ், தினமும் இதத்தான எடுக்கிற?"

"கவனிக்கல அண்ணே."

"கவனிக்கல."

"வேல மும்முரம். எடுக்கிறது, முடுக்கிறது, வைக்கிறது. யாரு திருப்பிப் பாத்துக்கிட்டு இருக்கா?"

மேஸ்திரி ஸ்பேனரைக் கையில் எடைபோடுவது போல் ஆட்டினார். அப்புறம் டியூபில் வெட்டிய பள்ளத்தைக் குனிந்து பார்த்தார். விரல் நுழைகிற வெட்டில் தன் விரலை விட்டுப் பார்த்தார். அவர் முகம் இளகியது.

"குதிரையோட வேர்வை. இப்படியும் ஒரு கூத்து. எங்க வீட்டுலயும் சேண விரிப்ப ஏதோ பெட்டிக்குப் போட்டு வச்சிருக்கா, போய்ப் பாக்கணும்." ஸ்பேனரைப் பலகையில் வைத்தார். "சரி, நாளைக்குக் காலையில இதுல ஒரு பொட்டுத் துரு இருக்கக் கூடாது. நான் ஒண்ணும் பாக்கல. முடிச்சிட்டுப் போங்க."

"முடிச்சிருவோம் அண்ணே" என்றார் கெங்கேஷ்.

ஜூரா கத்தியை மறுபடியும் எடுத்தாள். மேஸ்திரி கதவு வரை போய்விட்டுத் திரும்பினார்.

"அந்த வெள்ள வண்டிக்குப் பிரேக் மாத்தினியே, சாவி உன்கிட்டதான இருக்கு? நாளைக்கு அது சவாரி ஏத்துது. போன வாரம் மாதிரியே கணவாய் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்துட்டு வந்துரு. இறக்கத்துல நல்லா மிதிச்சுப் பாரு."

"சரிண்ணே."

ஜூரா கெங்கேஷைப் பார்த்தாள். அவர் எண்ணெய்த் துணியால் எட்டாம் நம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த ஸ்பேனர் அது.

"போன வாரம் மாதிரியேயா?" என்றாள்.

"பிரேக்க மாத்தினவன்தான ஓட்டிப் பாக்கணும், தாயி" என்றார் மேஸ்திரி. "குளிர் காலம் பூரா அவன்தான் ஓட்டுறான். இதுல என்ன?"

கணவாய்ப் பாதை ஜூராவுக்குத் தெரியும். ஊரில் பாதிப் பெண்கள் அங்கேதான் ரோட்டோரம் புகைபோட்ட மீனைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டு நிற்கிறார்கள். வண்டி வருவது தெரிந்தால் பிள்ளைகள் மீன் கோவையைத் தூக்கிக்கொண்டு ரோட்டின் நடுவுக்கே ஓடிவருவார்கள். அப்படி ஓடி வந்தால்தான் வண்டி நிற்கும். அவளும் சின்ன வயதில் அப்படி ஓடியிருக்கிறாள்.

இரண்டு பேரும் இப்போது தப்பித்தாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு நாலாவது இழுப்பறையை வெட்டினால் போதும். மேரிமின் படிப்பு முடிய இன்னும் கொஞ்ச காலம்தான். அவள் கத்தியைப் பலகையில் வைத்தாள்.

ஜூரா பிறந்து வளர்ந்த வீட்டில் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. மேரிமின் அப்பா, நம்ம ஆள், இவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளும் சொன்னதில்லை.

"கெங்கேஷுக்குக் கண்ணு தெரியாது" என்றாள்.

"ஜூரா" என்றார் அவர்.

"பாக்கிற எடம் தெரியாது. ஓரம்தான் தெரியும். துரு தெரியல, அதான் வாரக்கணக்கா எடுத்தும் பாக்கல. உங்க முகம்கூடத் தெரியாது அண்ணே. குரல வச்சுத்தான் பேசுறாரு."

மேஸ்திரி அப்படியே நின்றார். மீன் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பக்கத்தில் கிடந்த டயரில் உட்கார்ந்தார்.

"நெசமாடா?"

"ஓரமெல்லாம் நல்லாத் தெரியும் அண்ணே" என்றார் கெங்கேஷ் வேகமாக. "கம்பம் தெரியும், பள்ளம் தெரியும், எதிர்ல வர்ற லாரி தெரியும். நான் மெதுவாத்தான் போறேன். நடுவுல மட்டும் கொஞ்சம்..."

"ரோடு எங்கடா இருக்கு? நடுவுலதான இருக்கு."

எங்கோ கூரைத் தகரம் ஒன்று காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது.

"வண்டிக்கு அடியில படுக்க உனக்குக் கண்ணு வேண்டாம், அது எனக்குத் தெரியும்" என்றார் மேஸ்திரி கடைசியில். "அது வேற. இது வேற. உன்ன நம்பி நான் வண்டியில ஆள ஏத்துறேன். குளிர் காலம் பூரா... எம் மருமக அந்த ரோட்டுலதான் நிக்கிறா மீனு வித்துக்கிட்டு. பிள்ளயோட." எழுந்தார். "நாளைக்கு முதலாளிகிட்ட நானே சொல்றேன். குழி வேல மட்டும் குடுங்கன்னு கேக்குறேன். அவரு என்ன சொல்வாருன்னு எனக்குத் தெரியாது. வெச்சுக்குவாருன்னு உனக்கு வாக்குக் குடுக்க முடியாது. சாவியக் குடு."

கையை நீட்டினார்.

கெங்கேஷ் பைக்குள்ளிருந்து சாவியை எடுத்தார். தலையைத் திருப்பவில்லை. இனி எதற்குத் திருப்ப வேண்டும் என்பது போல், எல்லாரும் பார்க்கிற மாதிரி மேஸ்திரியின் முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டே நீட்டினார். சாவி உள்ளங்கைக்கு ஒரு சாண் தள்ளிப் போய்க் கீழே விழுந்தது. சிமென்டுத் தரையில் அந்தச் சத்தம் டிப்போ முழுக்கக் கேட்டது.

மேஸ்திரி குனியவில்லை. ஜூராவும் குனியவில்லை.

கெங்கேஷ் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தடவினார். எண்ணெய்க் கறை, ரப்பர்த் துணுக்கு, ஒரு நட்டு, அப்புறம் சாவி. எழுந்து, அதை மேஸ்திரியிடம் கொடுக்காமல் முடிந்திருந்த இழுப்பறையை இழுத்து, பதினேழுக்கென்று குடைந்து காலியாக இருந்த பள்ளத்தில் வைத்தார். இழுப்பறையை மூடினார். உள்ளே ஒன்றும் ஓடவில்லை. சத்தமே இல்லை.

மேஸ்திரி அதைத் திறந்து சாவியை எடுத்துக்கொண்டார். மீன் பொட்டலத்தைப் பலகையில் வைத்துவிட்டு வெளியே போனார். கதவு காற்றில் அடித்துச் சாத்திக்கொண்டது.

ஜூரா அந்தப் பதினேழை எடுத்து உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துத் தேய்த்து அவள் விரலும் சிவந்துவிட்டது. நிமிரப் பயமாக இருந்தது. நிமிர்ந்தாள்.

கெங்கேஷ் அவளுக்கு எதிரில்தான் நின்றார். நின்றவர் மெல்ல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்கிறாரா, அவளைப் பார்க்கப் பிடிக்கவில்லையா என்று ஜூராவால் சொல்ல முடியவில்லை. அப்படியே நின்றுகொண்டு அவர் கையை நீட்டினார்.

"குடு" என்றார். "போதுமான்னு பாக்குறேன்."